இண்டிகா என்கிற குடும்பத் தலைவர்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன்கார வீட்டுப் பெண் ஒருத்திக்கு வெள்ளைக்காரப் புருஷன் இருக்கிறான் என்ற செய்தி, 1974-ஆம் வருஷத்துக் கோடையில், செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரேயுள்ள ஒரு காப்பிக் கிளப்பில் பிறந்தது. காலையில் பிறந்தபோது அதற்குப் பெயர் மட்டும்தான் இருந்தது: இண்டிகா. பதினோரு மணிக் காப்பிக்குள் அதற்குத் தாடி முளைத்துவிட்டது. சாயங்காலம் ஊரப்பாக்கத்திலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கிய ஒருவர், அவன் இத்தாலிக்காரன், கோவணம் கட்டிக்கொண்டு வலை இழுக்கிறான், இதைத் தம் மைத்துனரே கண்ணால் பார்த்தார் என்று சொல்லி வளர்த்துவிட்டுப் போனார்.

நம்பாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து மாமல்லபுரத்துக் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் ஏராளம். பாதிப் பேர் லுங்கியில் இருந்தார்கள். மீதிப் பேர் எதில் இருந்தார்கள் என்பதைக் குடும்பங்கள் படிக்கும் இடத்தில் எழுத முடியாது.

செய்தியின் தகப்பனார் உப்பிலி. செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று சொல்வதாக இல்லை. ரேஷன் கார்டுகள் சம்பந்தப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர், ஏ. இண்டிகா, மனைவி, ஜெகதாம்பாள் என்று ஒரு கார்டு எழுதப்பட்டிருந்தது. அது மேலே இருக்கும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது.

"அயல் நாட்டான் நம்ம சர்க்கார் அரிசியைத் திங்கலாமோன்னு கேக்கறா. நேர்ல போய் விசாரிச்சு எழுதணுமாம்" என்றார் உப்பிலி.

"விசாரித்து எழுதுங்களேன்" என்றேன்.

"இந்த வெயில்லயா? நீர் எப்படியும் வம்பு தேடிண்டு அந்தப் பக்கம் போவீர். பார்த்துட்டு வந்து சொல்லும். நான் நேர்ல விசாரிச்சேன்னு எழுதிடறேன்."

"வெள்ளைக்காரனாக இருந்தால்?"

"பேரை அடிச்சுடுவோம்."

"அப்படி ஓர் ஆளே இல்லை என்றால்?"

"அப்பவும் அடிச்சுடுவோம். எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான் ஓய்."

இப்படியாக அரசாங்கத்தின் நேரடி விசாரணை, சம்பளம் வாங்காத ஒருவன் மூலமாக, மறுநாள் காலை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறியது.

ஜெகதாம்பாள் வீட்டுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் விசாரித்தேன். அவருக்குத் தெரியவில்லை. இண்டிகா வீடு என்று கேட்டுப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த இண்டிகா?"

மடியில் ஒரு கட்டு தகரப் பலகைகளை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். செடிகளுக்கு முன்னால் நட்டு வைக்கிற பெயர்ப் பலகைகள்.

"எத்தனை இண்டிகா இருக்கிறார்கள்?" என்றேன்.

"மாஞ்சிஃபெரா இண்டிகா, டாமரிண்டஸ் இண்டிகா. மாமரம், புளியமரம். நான் சொல்லி முடிப்பதற்குள் கடல் வந்துவிடும்."

"இவருக்கு இனிஷியல் ஏ."

"அகாலிஃபா இண்டிகாவா? அது குப்பைமேனி."

"ஐயா, நான் கேட்பது ஜெகதாம்பாள் என்கிற அம்மாளின் புருஷனை."

பெரியவர் முகத்தில் ஒரு கசப்பு ஏறியது. "ஜெகதாம்பாளா? அப்படியானால் அசாடிராக்டா இண்டிகா. வேம்பு. அந்த அம்மாளுக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாது."

அவர் கோதண்டராமன். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். திருக்கழுக்குன்றம் தாண்டித் தம் சொந்த நிலத்தில் ஒரு தோட்டம் போட்டிருந்தார். அதற்குள் ஊர்ப் பெயர்களுக்கு அனுமதி இல்லை. கத்தரிக்காய் என்று யாராவது சொன்னால், சொலானம் மெலாஞ்சினா என்று திருத்திச் சொல்லும்வரை வாய்க்கால் மடையைத் திறக்க மாட்டார்.

"ஊர்ப் பெயர் எல்லாம் வதந்தி, தெரியுமா?" என்றார். "கரிசலாங்கண்ணி கொண்டு வா என்றால் ஒருவன் வெள்ளைப் பூவைக் கொண்டு வருகிறான், இன்னொருவன் மஞ்சள் பூவைக் கொண்டு வருகிறான். இரண்டும் வேறு வேறு செடி. லத்தீன் பெயரைச் சொன்னால் உலகத்தில் எவனும் ஏமாற முடியாது."

கடற்கரை மணலில் படர்கிற அடப்பங்கொடிக்கு லத்தீனில் என்ன என்று கேட்டேன். ஐபோமியா பெஸ்காப்ரே என்றார். பெஸ்காப்ரே என்றால்? ஆட்டின் கால் என்றார். இலை அந்த மாதிரி இருக்குமாம். ஆட்டுக்கால் என்று நாம் சொன்னால் அது வதந்தி. லத்தீனில் சொன்னால் விஞ்ஞானம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்னும் நாலு மைல் போக வேண்டியிருந்தது.

ஜெகதாம்பாள் அவர் தோட்டத்தில் பெருக்குகிறவள். சேர்ந்த முதல் நாளே வேப்பமரத்தைக் காட்டி, "சார், உங்க பாஷையில அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டாளாம்.

"இத்தனை வருஷ சர்வீஸில் எந்த மாணவனும் தானாக வந்து கேட்டதில்லை. அது லத்தீன்கூட இல்லை அம்மா, பாரசீகம். ஆஸாத் தரக்த், சுதந்திர மரம் என்று அர்த்தம் என்றெல்லாம் சொன்னேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். சரி, கடவுள் எனக்கு ஒரு சிஷ்யையை அனுப்பிவிட்டார் என்று அடுத்த நாள் பூவரசைக் காட்டினேன்."

"சொன்னாளா?"

"பூவரசுதானே சார் என்றாள். இன்றைக்கும் அவளுக்கு அது பூவரசுதான். புளி புளிதான். ஒன்றே ஒன்றுதான் ஏறியது. அதை மட்டும் பெருக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், மனுஷர் உண்மையிலேயே நொந்துபோயிருந்தார்.

குப்பத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடைசி வீடு. ஓலைக் கூரை, சாணி மெழுகின வாசல், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். ஒரு பெண் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது சொல்லலாம். நெற்றியில் ஒரு பெரிய பொட்டு. கழுத்தில் தாலிக் கயிறு, அன்றைக்குத்தான் மஞ்சள் பூசினது போலப் பளிச்சென்று இருந்தது.

"இண்டிகா இருக்கிறாரா?" என்றேன்.

புடைப்பது நிற்கவில்லை. "கடலுக்குப் போயிருக்காரு."

"எப்போது வருவார்?"

"வர்றப்ப வருவாரு."

பக்கத்து வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள். பெயர் வச்சலா. ஜெகதாம்பாளின் கொழுந்தன் பெண்டாட்டி. "நீ யாரு சார்? இன்னா வோணும் ஒனக்கு?" என்றாள்.

கார்டு விஷயம் என்றேன். வச்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"அத்த ஏன் கேக்கற. தை மாசம் ஒர்த்தன் எழுதிக்கினு போக வந்தான். ஆம்பளைங்க எல்லாம் பெரிய வலைக்குப் போய்ட்டானுங்க. மத்த பொம்பளைங்க கூடைய தூக்கினு போய்ட்டாளுங்க. நாங்க ரெண்டு பேருதான். புருசன் பேரு இன்னான்றான். இது என் மூஞ்சியப் பாக்குது, நான் இது மூஞ்சியப் பாக்கறேன்."

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். புருஷனுடைய அண்ணன் பெயரைத் தம்பி பெண்டாட்டியும் சொல்ல மாட்டாள். இது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிவிடுவதால் நாட்டில் வேலைகள் நடக்கின்றன. அன்றைக்கு வாசலில் நின்ற இரண்டு பேருமே சொல்லக்கூடாத இரண்டு பேர்.

"அவன் ஒரே பேஜாரு பண்ணான்" என்றாள் வச்சலா. "பேரு இல்லாத புருசனா ஒனக்குன்னு கேட்டான். அக்காவுக்கு ரோசம் வந்துடுச்சி. கிளாசுல எழுந்து நின்னு சொல்ற மாதிரி, அசாடிராக்டா இண்டிகான்னு சொல்லிச்சி. அவன் பேனாவ வெச்சிக்கினு முழிச்சான். எந்த ஊருன்னான். இந்த ஊருதான்னிச்சி. அந்தாண்ட பாத்தான். அங்க ரெண்டு வெள்ளைக்காரன் குளிச்சிக்கினு இருந்தான். சர்த்தான்னு எழுதிக்கினு பூட்டான்."

"நான் மரத்தோட பேருதான் சொன்னேன்" என்றாள் ஜெகதாம்பாள். "அதுலேர்ந்து எடுத்துக்குவான்னு பாத்தேன். படிச்சவன்தானே."

"உங்கள் வீட்டுக்காரர் பெயர் வேப்பமரத்திலிருந்து வருகிறதா?"

அவள் தரையைப் பார்த்தாள். "எங்க அத்த அம்மனுக்கு வேண்டிக்கினு வெச்ச பேரு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்த மரத்தையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டால், "கசப்புத் தழை ஒடிச்சிக்கினு வாங்க" என்பாள். நிழலில் உட்காரச் சொல்வதானால், "அந்த மரத்தாண்ட குந்து" என்பாள்.

"எத்தினி வருசம் கசப்புத் தழை, கசப்புத் தழைன்னே சொல்லிக்கினு கெடக்கறது" என்றாள். "சாரு தோட்டத்துல எல்லாத்துக்கும் வேற பேரு வெச்சிக்கீறாரு. கேட்டேன், சொன்னாரு. நல்லா கீது. வாய் நெறைய சொல்லலாம். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

இப்போது நான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதினது தப்பு, திருத்திவிடுவார்கள், சரியான பெயரை எழுதுவார்கள் என்றேன்.

முறம் நின்றது.

"எழுதிட்டு?" என்றாள்.

எனக்கு முந்திக்கொண்டு வச்சலா பதில் சொன்னாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "எழுதிட்டு அடிப்பாங்க."

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த இருசப்பன்தான் மீதியைச் சொன்னான். வச்சலாவின் புருஷன் அவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாசம் அவன் அண்ணன் தனியாகக் கடலுக்குப் போனான். அன்றைக்குக் காற்று அடித்தது.

"மரம் கரை ஒதுங்கிச்சி. அண்ணன் வரல" என்றான். கட்டுமரத்தை அங்கே மரம் என்றுதான் சொல்வார்கள். "ஒடம்பும் கெடைக்கல. சிலோன் ஜெயில்ல கீறான், ஆந்திராவுல கீறான்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஊர்ல பெரியவங்க கூடிப் பேசி, காரியம் பண்ணிடலாம், தாலிய எடுத்துடலாம்னாங்க. அண்ணி ஒத்துக்கல. அன்னிலேர்ந்து அண்ணிய யாரும் ஒரு சடங்குக்கும் கூப்புடறது இல்ல. இந்தாண்டையும் சேக்கல, அந்தாண்டையும் சேக்கல."

"அண்ணன் பெயர் என்ன?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "வேம்புலி" என்றான். பிறகு வலையைக் கீழே வைத்தான். "ஆபீசுலேர்ந்து ஆளு வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் சார். வேம்புலின்னு ஒர்த்தன் இருந்தான், இப்ப இல்லன்னுதான் சொல்லுவேன். ஊரே சொல்லும். ஆனா இண்டிகாவப் பத்திக் கேட்டா எங்களுக்கு இன்னா தெரியும்?"

விஷயம் அவ்வளவுதான். வேம்புலியைச் செத்தவன் என்று சொல்ல ஒரு குப்பமே தயாராக இருந்தது. இண்டிகாவைச் செத்தவன் என்று சொல்ல உலகத்தில் ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு கார்டில் மட்டும் அவன் உயிரோடு இருந்தான், குடும்பத் தலைவனாக. உலகத்தில் எவனும் ஏமாற முடியாது என்று கோதண்டராமன் சத்தியம் செய்த பெயரில்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை. குப்பம் தெற்கே இருக்கிறது என்றேன். வடக்கேயும் குப்பங்கள் உண்டு. வேம்பு என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் பஸ் ஏற வேண்டாம். இண்டிகா என்று முடிகிற மரங்கள் எத்தனை என்று முதலிலேயே பெரியவர் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காப்பிக் கிளப்பில் உப்பிலி காகிதமும் பேனாவுமாகக் காத்திருந்தார்.

"வெள்ளைக்காரனா ஓய்?"

"இல்லை. இந்த ஊர்க்காரர். மீன் பிடிக்கிறவர்."

"ஆளைப் பார்த்தீரோ?"

"கடலுக்குப் போயிருக்கிறார்."

"எப்ப வருவானாம்?"

"வருகிறபோது வருவாராம்."

"அது சரி, மீன் பிடிக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்" என்று உப்பிலி எழுதிக்கொண்டார். எழுதினவர் நிறுத்தினார். "பேர் மட்டும் என்னமோ போல இருக்கே. திருத்திடலாமா?"

"திருத்தலாம். புதிதாக விசாரணை வைக்க வேண்டியிருக்கும். நான் இந்த மாசம் அந்தப் பக்கம் போவதாக இல்லை."

உப்பிலி வெளியே ரோட்டைப் பார்த்தார். தார் இளகிக்கொண்டிருந்தது. 'நேரில் விசாரித்ததில் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காப்பிக் கிளப்பில் இத்தாலிக்காரனுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. அடுத்த வாரம் அவனுக்கு ஒரு குழந்தைகூடப் பிறந்தது.

கார்டுக்கு இனி ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு மத்தியானம் போனேன். குப்பத்தில் ஏதோ ஒரு வீட்டில் மஞ்சள் நீராட்டு. ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. வச்சலா வீடு சாத்தியிருந்தது. எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஜெகதாம்பாள் தன் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அழைப்பு வராது என்று தெரிந்தும் வாரிக்கொண்டாளா, வழக்கமா என்று நான் கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். "அடிக்கலியா?" என்றாள்.

"அடிக்கவில்லை."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "இருசப்பன் ஒன்னாண்ட பேரச் சொல்லிச்சா?" என்று கேட்டாள்.

"சொன்னார்."

"வூட்ல அண்ணன்னுதான் சொல்லும். வச்சலா சொல்ல மாட்டா. எங்க அத்த இருந்தப்ப நாளெல்லாம் அந்தப் பேரச் சொல்லிக் கத்திக்கினே கெடக்கும். சோத்துக்குக் கூப்புடும், திட்றதுக்குக் கூப்புடும். காது புளிச்சுப் போச்சிடா சாமின்னு நெனப்பேன். அதுவும் பூட்ச்சி. புள்ளைங்க இருந்தா அப்பன் பேர சிலேட்ல எழுதிக்கினு படிக்கும். அதுவும் இல்ல. ஊர்ல எல்லாரும் கடல்ல போனவன், கடல்ல போனவன்றாங்க. அந்தப் பேரு காதுல விழுந்து எத்தினி நாளாச்சி தெரியுமா?"

ஒலிபெருக்கியில் பாட்டு மாறியது.

"நீ ஆம்பள. ஒறவும் இல்ல" என்றாள். "நீ சொன்னா ஒண்ணும் ஆவாது. ஒரு வாட்டி சொல்லு சார்."

"வேம்புலி" என்றேன்.

"அப்டி இல்ல. வாசிக்கற மாதிரி சொல்றே. கூப்புடற மாதிரி சொல்லு."

கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எனக்குக் குரல் போதாது. இருந்ததைக் கொண்டு கூப்பிட்டேன். படகு நிழலில் படுத்திருந்த ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டது.

ஜெகதாம்பாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள்.

"கேட்டிருக்காது" என்றாள். "காத்து எதிர்ல அடிக்குது."

உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். நல்ல தித்திப்பு. பால் இல்லாத டீக்கு அவ்வளவு சர்க்கரை அந்தக் குப்பத்தில் யாரும் போட மாட்டார்கள். அவள் எனக்கு மட்டும்தான் கொண்டுவந்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபிறகு சொன்னாள்.

"அது அவரு பங்கு சர்க்கரை. கார்டுல ரெண்டு பேருக்குக் குடுக்கறாங்க. என்னுத நான் துன்றேன். அவருத டப்பாவுல போட்டு எறும்பு வராம வெச்சிக்கினு கீறேன். இது வரைக்கும் தொட்டதில்ல. இன்னிக்கி நீ குடிச்சிட்ட."

"முதலிலேயே சொல்லியிருந்தால் சர்க்கரை இல்லாமலே குடித்திருப்பேனே."

"உடு, பரவால்ல. கடன்தானே. அவரு வந்து டப்பாவப் பாத்துட்டு, கொறையுதே, யாரு எடுத்தான்னு கேட்டா, ஒன்னத்தான் காட்டுவேன். நீதான் தரணும்."

தருகிறேன் என்றேன். செங்கல்பட்டில் விலாசத்தையும் சொன்னேன். அவள் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

"ரெண்டு கரண்டி போட்டேன் சார்" என்றாள், நான் மணலில் இறங்கின பிறகு. "கொறச்சி சொல்லிடாத."

குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு கரண்டி. விலாசமும் மாறவில்லை. கடன் கொடுத்தவர் இன்னும் வந்து கேட்கவில்லை.